அறுபது வருடமாகக் கேட்டும் ஒரு சத்தமும் இல்லை என்றால், நாம் தனியாகத்தான் இருக்கிறோமா?

கேள்வி இதுதான்: 1960லிருந்து ரேடியோ தொலைநோக்கிகளை வைத்துக்கொண்டு வானத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இதுவரை ஒரு சிக்னல்கூட உறுதியாகவில்லை, அப்படியென்றால் பிரபஞ்சத்தில் நம்மைத் தவிர அறிவுள்ள உயிர் எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? இதற்குப் போய் இவ்வளவு செலவு தேவையா?

முடிவு கட்ட முடியாது. பிரபஞ்சம் ரொம்பப் பெரியது, எங்காவது யாராவது இருக்கத்தான் செய்வார்கள் என்ற வழக்கமான பதிலை நான் சொல்லப் போவதில்லை. அது நம்பிக்கை, விடை அல்ல. இதுவரை எவ்வளவு கேட்டிருக்கிறார்கள், கேட்டதை எப்படிச் சலித்தார்கள் என்று பார்த்தால்தான் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்பதற்கு என்ன எடை உண்டு என்று தெரியும். என் கணக்கில் அந்த எடை மிகக் கொஞ்சம்.

ஆரம்பத்திலிருந்து வருகிறேன். 1959இல் கியூசெப்பே கொக்கோனி, பிலிப் மாரிசன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். நட்சத்திரங்களுக்கு இடையே செய்தி அனுப்ப நினைப்பவர்கள் 1,420 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான் வருவார்கள் என்பது அவர்கள் வாதம். ஹைட்ரஜன் அணு தானாக வெளியிடும் ரேடியோ அலையின் அதிர்வெண் அது. பிரபஞ்சத்தில் அதிகம் இருப்பதே ஹைட்ரஜன்தான் என்பதால், எந்த மூலையில் வானியல் படித்தவரும் அந்த எண்ணைத் தெரியாமல் இருக்க முடியாது. அதே நேரத்தில், இவர்கள் எழுதுவது தெரியாமலேயே, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் வானாய்வகத்தில் ஃபிராங்க் டிரேக் அதே அலைவரிசைக்குக் கருவி கட்டிக்கொண்டிருந்தார். 1960 ஏப்ரலில் 26 மீட்டர் டிஷ் ஒன்றை டவ் செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு பக்கத்து நட்சத்திரங்களை நோக்கித் திருப்பினார். கேட்டது ஒரே ஒரு சேனலில், அதையும் கையளவு அதிர்வெண்ணுக்குள் மெல்ல நகர்த்திக்கொண்டே. தேடல் அப்படித்தான் தொடங்கியது.

அதிலிருந்து இன்றுவரை தொடர்ச்சியாக அறுபது வருடம் தேடினார்கள் என்று நினைத்துக்கொள்வதில்தான் தப்பு ஆரம்பிக்கிறது. பெரும்பாலான காலம் இது மற்ற ஆராய்ச்சிகளுக்கு நடுவே கிடைத்த சில மணி நேரங்களில், நன்கொடைப் பணத்தில் நடந்த வேலை. நாசா ஒரு முறையான திட்டத்தை 1992 அக்டோபர் 12 அன்று தொடங்கியது. சரியாக ஒரே வருடத்தில் அமெரிக்க காங்கிரஸ் அதற்கான நிதியை வெட்டிவிட்டது. செட்டி (SETI, வேற்றுலக அறிவைத் தேடுதல்) நிறுவனத்தினர் தனியார் பணம் திரட்டி அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியை ஃபீனிக்ஸ் என்ற பெயரில் 2004 வரை இழுத்துக்கொண்டு போனார்கள். அதில் அவர்களால் கேட்க முடிந்தது சுமார் 800 நட்சத்திரங்களை. பால்வீதியில் இருப்பவை குறைந்தது 10,000 கோடி.

நட்சத்திர எண்ணிக்கை மட்டும் இருந்தால்கூடப் பரவாயில்லை. எந்த அதிர்வெண்ணில் அனுப்புகிறார்கள், எவ்வளவு சக்தியோடு, எந்த வடிவில், ஓயாமல் அனுப்புகிறார்களா அல்லது வருடத்துக்கு ஒரு முறையா, நாம் கேட்கும் அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் ஆன்டெனா நம் பக்கம் இருந்ததா என்று ஒவ்வொன்றும் தனித்தனித் திசை, எல்லாம் ஒரே நேரத்தில் பொருந்தினால்தான் சிக்னல் கிடைக்கும். ஜில் டார்ட்டர், வாழ்க்கை முழுவதையும் இந்தத் தேடலுக்குக் கொடுத்தவர், இதைக் கடலோடு ஒப்பிட்டார்: ஒரு டம்ளரில் கடல் தண்ணீரை மொண்டு பார்த்துவிட்டு, இதில் மீன் இல்லை, ஆகவே கடலிலேயே மீன் இல்லை என்று சொல்ல முடியுமா? 2018இல் வானியலாளர் ஜேசன் ரைட்டும் அவருடைய மாணவர்கள் இருவரும் இந்தக் கணக்கை எட்டு அளவுகோல்களில் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். அதற்குள் டம்ளர் ஒரு சின்ன நீச்சல் குளமாகியிருந்தது. கடல் அப்படியேதான் இருந்தது. ஐம்பது வருடத்துக்கும் மேற்பட்ட உழைப்பின் அளவு அவ்வளவுதான், இதைக் குறையாகச் சொல்லவில்லை, வேலை எவ்வளவு மீதி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, கேட்பது என்றால் என்ன கேட்கிறார்கள்? பேச்சையோ இசையையோ அல்ல. மிகக் குறுகலான ஒரு அதிர்வெண்ணில் குவிந்த சக்தியைத் தேடுகிறார்கள். இயற்கை அப்படி அனுப்புவதில்லை. விண்வெளி மேகங்களில் உருவாகும் மேசர் என்ற மிகக் குறுகலான கதிர்வீச்சுகூடச் சில நூறு ஹெர்ட்ஸ் அகலம் இருக்கும். ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் ஒரு சிக்னல் அடங்கினால் அதைச் செய்தது ஒரு இயந்திரம். பிரச்சினை என்னவென்றால், அந்த இயந்திரம் கிட்டத்தட்ட எப்போதும் நம்முடையதாகவே இருக்கிறது. செயற்கைக்கோள், விமான ரேடார், செல்போன், கணினிக்குள் இருக்கும் கடிகாரச் சில்லு என்று எல்லாமே குறுகலான சிக்னல்தான்.

அதனால் இரண்டு சோதனை வைத்திருக்கிறார்கள். முதலாவது டாப்ளர். பூமி சுழல்கிறது, சூரியனையும் சுற்றுகிறது, அதனால் வெளியிலிருந்து வரும் எந்த சிக்னலின் அதிர்வெண்ணும் நமக்கு நொடிக்கு நொடி மெல்ல நகர்ந்துகொண்டே போக வேண்டும். நகராமல் ஒரே இடத்தில் நிற்கிறதென்றால் அனுப்பும் கருவி நம்மோடு சேர்ந்து தரையில் நிற்கிறது என்று அர்த்தம். இரண்டாவது, பார்த்து விலகிப் பார்ப்பது. ஐந்து நிமிடம் நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள், அடுத்த ஐந்து நிமிடம் ஆன்டெனாவைத் திருப்பிப் பக்கத்தில் வேறு ஒரு இடத்தைப் பார்ப்பார்கள், மறுபடி நட்சத்திரம், மறுபடி வேறு இடம், இப்படி மூன்று சுற்று. நட்சத்திரத்தைப் பார்க்கும்போது மட்டும் இருந்து, விலகியதும் காணாமல் போனால் அது கவனிக்க வேண்டிய சிக்னல். இரண்டு பக்கமும் இருந்தால் நம் சத்தம்தான். கோடிக்கணக்கான சிக்னல்கள் இந்த இடத்திலேயே செத்துவிடும்.

இரண்டையும் தாண்டியது ஒன்று வந்தது. 2019 ஏப்ரல் இறுதியில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி, சூரியனுக்கு மிக அருகில் 4.2 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் பிராக்ஸிமா சென்டாரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பதிவானது. அடுத்த வருடம் தரவைச் சலித்த பயிற்சி மாணவர் ஒருவர் கண்ணில் பட்டது: 982 மெகாஹெர்ட்ஸ் அருகே, மிகக் குறுகலாக, மெல்ல நகர்ந்துகொண்டு, பல மணி நேரம் நீடித்து, ஆன்டெனா விலகும்போதெல்லாம் மறைந்துகொண்டு. பிஎல்சி-1 என்று பெயர் வைத்தார்கள். செய்தி கசிந்ததும் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. ஆனால் தேடல் குழுவைச் சேர்ந்த வானியலாளர் சோஃபியா ஷேக்கும் அவர் குழுவினரும் செய்தது என்ன தெரியுமா? அதே நாட்களின் தரவில் மற்ற அதிர்வெண்களில் இதே நடையில் நகரும் சிக்னல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள். சுமார் அறுபது கிடைத்தன. அவற்றில் பல, ஆன்டெனா நட்சத்திரத்தை விட்டு விலகியிருந்தபோதும் தெரிந்தன. அந்த அதிர்வெண்களுக்கிடையே இருந்த இடைவெளிகள், சாதாரண மின்னணுக் கருவிகளுக்குள் துடிக்கும் கடிகார அதிர்வெண்களின் மடங்குகளோடு பொருந்தின. விஷயம் முடிந்தது: அது பூமிச் சத்தம், விலகிய நேரங்களில் பலவீனமாகி மறைந்தது தற்செயல். 2021இல் அவர்களே இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இந்தத் துறையை நான் மதிக்க முதல் காரணம் இதுதான். உலகமே ஆமாம் என்று சொல்லக் காத்திருக்கும்போது தன் கண்டுபிடிப்பைத் தானே உடைத்துப் போடுவது லேசான காரியம் இல்லை.

இதே பார்க்ஸில் இன்னொன்றும் நடந்தது. 1998லிருந்தே சில மில்லி நொடிகள் மட்டும் வரும் விநோதமான ரேடியோத் துடிப்புகள் அங்கே பதிவாகிக்கொண்டிருந்தன, பெரிடான் என்று பெயர். பெரும்பாலும் வேலை நேரத்தில்தான் வரும் என்பதால் பூமிச் சங்கதி என்று தெரிந்தது, ஆனால் எது என்று பிடிபடவில்லை. 2015இல் எமிலி பெட்ராஃப் குழு பிடித்தது: வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பை, நேரம் முடியும்முன்னே யாராவது கதவைத் திறந்து நிறுத்தினால், அணையும் அந்தக் கணத்தில் ஒரு துடிப்பு வெளியே பாய்ந்துவிடும், தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் பதிவாகிவிடும். இந்தக் கதை தெரிந்தவர்கள் இதை மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறார்கள். இதன் மறுபாதி முக்கியம். 2007இல் அதே தொலைநோக்கியின் பழைய தரவிலிருந்து அறிவிக்கப்பட்ட வேக ரேடியோ வெடிப்பு என்ற நிகழ்வும் இந்தப் பெரிடானைப் போலவே இருந்ததால், அதுவும் போலியோ என்று பலர் வருடக்கணக்கில் சந்தேகப்பட்டார்கள். அடுப்பு பிடிபட்ட பிறகுதான் இரண்டையும் சுத்தமாகப் பிரிக்க முடிந்தது. வேக வெடிப்புகள் நிஜமானவை, பெரும்பாலும் வேறு கேலக்ஸிகளிலிருந்து வருபவை.

1977 ஆகஸ்ட் 15 அன்று ஓஹையோவின் பிக் இயர் தொலைநோக்கியில் பதிவான 'வாவ்' சிக்னலைப் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. அந்தத் தொலைநோக்கி நகராது, பூமி சுழலும்போது வானம் அதன் முன்னால் கடந்துபோகும், ஒரு இடம் கடக்க 72 நொடி ஆகும். சிக்னலும் சரியாக 72 நொடிதான், மெல்ல ஏறி உச்சம் தொட்டு மெல்ல இறங்கியது, வானத்தில் இருக்கும் ஒரு புள்ளி எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி. கணினி அச்சிட்ட காகிதத்தில் பலத்தை ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணாலும், அதற்கு மேல் போனால் ஆங்கில எழுத்துகளாலும் குறிப்பார்கள். பின்னணி இரைச்சலைப் போல முப்பது மடங்கைத் தொட்டது இது. காகிதத்தைச் சரிபார்த்த வானியலாளர் ஜெர்ரி எமன் சிவப்பு மையால் வட்டம் போட்டுப் பக்கத்தில் 'வாவ்' என்று எழுதினார். ஆனால் அந்தத் தொலைநோக்கிக்கு இரண்டு கொம்பு வாங்கிகள் உண்டு, ஒன்றில் தெரிந்தது சில நிமிட இடைவெளியில் மற்றதிலும் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. அதன்பிறகு பல தொலைநோக்கிகள் அதே இடத்தைப் பார்த்துவிட்டன, ஒன்றுமில்லை. அதை ஏலியன் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மறுபடி வராத ஒன்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

சில சமயம் விடை மூன்றாவது பக்கமிருந்து வரும். 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் 1.337 நொடிக்கு ஒரு முறை துல்லியமாகத் துடிக்கும் சிக்னலைக் கண்டபோது, கொஞ்ச நாள் அதற்குச் 'சின்னப் பச்சை மனிதர்கள்' என்றே செல்லப்பெயர் இருந்தது. அப்புறம் வானத்தின் வேறு திசையில் இதே மாதிரி இன்னொன்று கிடைத்தது. இரண்டு நாகரிகங்கள் ஒரே நேரத்தில் ஒரே பாணியில் நம்மைக் கூப்பிட வாய்ப்பில்லை. அவை பல்சார்கள், வேகமாகச் சுழலும் நியூட்ரான் நட்சத்திரங்கள்.

இப்போது கேள்வியின் இன்னொரு பக்கத்துக்கு வருகிறேன். அறிவுள்ள உயிரைத் தேடுகிறோம் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் நம்மால் தேட முடிவது தொழில்நுட்பத்தை மட்டும்தான். 1990 டிசம்பரில் வியாழனுக்குப் போகும் வழியில் கலிலியோ விண்கலம் பூமியை ஒட்டிக் கடந்தது. பூமியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்போல நடித்து, அந்தக் கருவிகளை மட்டும் வைத்து இங்கே உயிர் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கார்ல் சேகனும் சகாக்களும் சோதித்தார்கள். காற்றில் ஏராளமான ஆக்ஸிஜன், அதோடு சேர்ந்து இருக்கவே கூடாத மீத்தேன், நிலத்தில் சிவப்பு ஒளியை விழுங்கும் ஏதோ நிறமி. உயிர் இருப்பதற்கான வலுவான அடையாளங்கள். ஆனால் அறிவுள்ள உயிர் இருப்பதைக் காட்டியது ஒன்றே ஒன்று, குறுகலான, பண்பேற்றப்பட்ட, அதாவது தகவல் ஏற்றிய, ரேடியோ அலை. அதுவும் இவ்வளவு பக்கத்தில் வந்து பார்த்தபோது.

இதையே பூமியின் வரலாற்றின்மேல் வைத்துப் பாருங்கள். பூமிக்கு வயது 454 கோடி வருடம். குறைந்தது 350 கோடி வருடமாக இங்கே உயிர் இருக்கிறது. விலங்குகள் வந்து சுமார் 60 கோடி வருடம்தான், நாம் வந்து மூன்று லட்சம் வருடம், ரேடியோவைக் கண்டுபிடித்து ஒன்றேகால் நூற்றாண்டு. யாராவது நம்மை ரேடியோவில் கேட்டிருந்தால், இந்தக் கடைசித் துளியில் கேட்டிருந்தால் மட்டுமே எதையாவது பிடித்திருப்பார்கள். ஆக்டோபஸும் காகமும் டால்ஃபினும் அறிவுள்ளவை, எதுவும் ஒலிபரப்பு நிலையம் கட்டவில்லை. டிரேக் 1961இல் கிரீன் பேங்க் கூட்டத்துக்காக எழுதிய சமன்பாட்டில், நட்சத்திரம் எவ்வளவு வேகமாக உருவாகிறது என்பதில் தொடங்கி, கோள்கள், அதில் உயிர், அதில் அறிவு, அதில் தகவல் தொடர்பு என்று ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டே போய், கடைசியாக ஒரு நாகரிகம் எத்தனை வருடம் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும் என்பதைப் போட்டார். முதல் சில எண்கள் இன்று ஓரளவு தெரியும். கோள்களைத் தேடிய கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் புண்ணியத்தில், சராசரியாக ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு கோளாவது உண்டு என்று சொல்ல முடிகிறது. அந்தக் கடைசி எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சராசரியாக 200 வருடம் என்றால் இந்த நொடியில் பால்வீதியில் நமக்குத் துணை அநேகமாக யாரும் இல்லை. பத்து லட்சம் வருடம் என்றால் கதையே வேறு.

இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. 1950இல் லாஸ் அலமோஸில் மதிய உணவின்போது, 'எல்லோரும் எங்கே?' என்று அவர் கேட்டதன் கணக்கு நியாயமானது: ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு வேகத்தில் போனால்கூட, ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள பால்வீதியைக் கடக்க ஒரு கோடி வருடம் போதும். பால்வீதிக்கு வயது ஆயிரம் கோடி வருடத்துக்கு மேல். அப்படிப் பரவும் யாராவது இருந்திருந்தால் இதற்குள் வந்திருக்க வேண்டும். ஆனால் இந்த வாதம் எதை மறுக்கிறது என்று கவனியுங்கள். கேலக்ஸி முழுக்கப் பரவும் நாகரிகங்களை மட்டும்தான் மறுக்கிறது. தன் நட்சத்திரத்தோடு இருந்துவிடுபவர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நுண்ணுயிர் சாதாரணமாகப் பல இடங்களில் இருக்கும், தொழில்நுட்பம் மிக அரிது என்பது என் ஊகம்; ஒரே ஒரு கோளைப் பார்த்துவிட்டுச் சொல்வதால் இதை ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேடியோ தவிர வேறு வழிகளும் உண்டு. லேசர் மின்னல்களைத் தேடுகிறார்கள். ஒரு நட்சத்திரத்தின் சக்தி முழுவதையும் யாராவது அறுவடை செய்தால் கழிவு வெப்பம் அகச்சிவப்பில் தெரிய வேண்டும் என்று ஃபிரீமன் டைசன் 1960இல் சொன்னதை வைத்து விண்மீன் பட்டியல்களையே சலிக்கிறார்கள். 2015இல் ஒரு நட்சத்திரத்தின் ஒளி ஒரு கட்டத்தில் 22 சதவீதம் வரை குறைந்தது தெரிந்ததும் 'ராட்சதக் கட்டுமானம்' என்று பேசப்பட்டது. நீல ஒளி சிவப்பைவிட அதிகமாக மங்கியதால் அது தூசு என்று பிறகு தெளிவானது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் 124 ஒளியாண்டு தள்ளியிருக்கும் கே2-18பி கோளின் காற்றில் உயிரோடு தொடர்புடைய வாயு இருக்கலாம் என்ற அறிவிப்பும் கடும் சர்ச்சையில்தான் இருக்கிறது. பறக்கும் தட்டு சமாச்சாரத்தை இதோடு சேர்க்காதீர்கள். நாசா அமைத்த தனிக்குழுவே 2023இல் வேற்றுலகத் தொடர்புக்கு ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டது.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். காங்கிரஸ் வெட்டிய அந்த நாசா திட்டத்துக்கு வருடத்துக்குச் சுமார் 1.2 கோடி டாலர். 2015இல் கோடீஸ்வரர் யூரி மில்னர் கொடுத்த பணத்தில் தொடங்கிய பிரேக்த்ரூ லிசன், இந்தத் துறை பார்த்த மிகப் பெரிய திட்டம், பத்து வருடத்துக்கு 10 கோடி டாலர். ஜேம்ஸ் வெப் ஒன்றுக்கே ஆன செலவு சுமார் 1,000 கோடி டாலர். ஆக, மக்கள் வரிப்பணம் இதில் கொட்டப்படுகிறது என்ற புகாரில் சாரமில்லை. கொட்டப்பட்டிருந்தால் இன்று இன்னும் உறுதியான பதில் சொல்லியிருக்கலாம்.

நாமே ஏன் கூப்பிடக்கூடாது என்று சிலர் கேட்பார்கள். 1974இல் புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து 1,679 பிட்டுகள் கொண்ட ஒரு செய்தியை எம்13 விண்மீன் கொத்தை நோக்கி அனுப்பினார்கள். போய்ச் சேரவே சுமார் 25,000 வருடம். நம் டிவி ஒலிபரப்புகளை யாராவது ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற எண்ணமும் சரியல்ல, அவை சில ஒளியாண்டுக்குள்ளேயே இரைச்சலில் கரைந்துவிடும், நம் கருவிகளைப் போன்ற கருவி அங்கே இருந்தால் பிடிபடாது. சக்திவாய்ந்த ரேடார் கற்றைகள்தான் தூரம் போகும். வேண்டுமென்றே உரக்கக் கூப்பிடுவதை ஒரு குழுவோ ஒரு பணக்காரரோ தனியாக முடிவு செய்யக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனென்றால் பதில் வந்தால் அது எல்லோருக்கும் வருகிறது.

இப்போது நடப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது, தொலைநோக்கி நேரத்துக்காகக் கையேந்தாத தேடல். நியூ மெக்ஸிகோவில் இருக்கும் 27 டிஷ்கள் கொண்ட விஎல்ஏ என்ற ரேடியோ தொலைநோக்கியில், மற்ற வானியலாளர்களுக்காக எங்கே பார்த்தாலும், அதே சிக்னலின் நகலை எடுத்துத் தொழில்நுட்பத் தடயம் இருக்கிறதா என்று கூடவே சலிக்கும் கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எஸ்கேஏ என்ற மாபெரும் ரேடியோ தொலைநோக்கி தயாராகிக்கொண்டிருக்கிறது. அதன் கூர்மைக்கு, வேண்டுமென்றே அனுப்பாத, சும்மா கசியும் ரேடார் அளவுச் சத்தத்தைக்கூடப் பக்கத்து நட்சத்திரங்களிலிருந்து பிடிக்கும் வாய்ப்பு முதல் முறையாக வருகிறது. இதுவரை கேட்டதெல்லாம் நம்மை நோக்கி யாராவது பலமாக அனுப்பினால் மட்டுமே பிடிபடும் அளவுதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒருவேளை பிடிபட்டால் என்ன செய்வது என்பதற்கு 1989லிருந்தே எழுதி வைத்த நெறிமுறை இருக்கிறது. முதலில் வேறு தொலைநோக்கிகளில் சரிபார்க்க வேண்டும், பிறகு மறைக்காமல் உலகத்துக்கும் ஐ.நா. பொதுச் செயலாளருக்கும் சொல்ல வேண்டும், சர்வதேசக் கலந்தாலோசனை இல்லாமல் பதில் அனுப்பக்கூடாது. சட்டம் அல்ல, யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனாலும் பெரும்பாலானோர் மதிக்கிறார்கள். ஆகவே அடுத்த முறை 'ஏலியன் சிக்னல்' என்று செய்தி வந்தால், தலைப்பை விட்டுவிட்டு மூன்று விஷயம் தேடுங்கள்: ஆன்டெனாவைத் திருப்பியபோது அது மறைந்ததா, மறுபடி வந்ததா, வேறொரு கண்டத்தில் இருக்கும் தொலைநோக்கி அதைக் கேட்டதா. பிஎல்சி-1 முதல் சோதனையை மேலோட்டமாகத் தாண்டியது, இரண்டாவதில் விழுந்தது. மூன்றையும் தாண்டியது இதுவரை ஒன்றுமில்லை.